குமிழியா, புனலா?

அக்காவுக்கு ஒரு மாதமாகத் தலைவலி. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மூளை ரத்தக் குழாய் ஒன்றில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு குமிழி இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்று யாரோ சொல்லி வைத்தார்கள். அன்று இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

"நீ போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வாடா. ஆனால் வந்து என்னிடம் கதை கட்டாதே" என்றாள் அக்கா.

டாக்டர் பொறுமைசாலி. "நூறு பேரில் மூன்று பேருக்கு இப்படிக் குமிழி இருக்கலாம், ஸார். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை" என்று என்னை உட்கார வைத்தார்.

எம்.ஆர்.ஐ. என்பது புகைப்படம் போல ஒன்று என்று நினைத்திருந்தேன். இல்லை. காந்தத்துக்குள் படுத்திருப்பவரின் உடம்பு நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் கொடுக்கும் சமிக்ஞைகளைக் கொண்டு கணக்குப் போட்டு எழுதும் சித்திரம் அது. 1973-ல் அதற்கு வழி காட்டிய பால் லாட்டர்பருக்கும், பின்னர் அதை வளர்த்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அக்காவுக்கு எடுத்த வகைப் படத்தில் ஓடும் ரத்தம் வெண்மையாகத் தெரியும். குமிழிக்குள் சுழன்று தேங்கும் ரத்தமோ மங்கிவிடும்; ஆகவே குமிழி உள்ளதைவிடச் சிறியதாகத் தோன்றலாம். போதாக்குறைக்கு, மணல் தூவினாற்போல் படமெங்கும் புள்ளிகள். கம்ப்யூட்டர் அவற்றை மெழுகித் துடைக்கிறது. அளவுக்கு மீறி மெழுகினால் சின்னக் குமிழியும் கூடவே போய்விடும்! பிறகு அடுக்கடுக்கான படங்களில் மிக வெளிச்சமான புள்ளிகளை மட்டும் பொறுக்கி ஒரே படமாக்குகிறது. அதில் ஒரு குழாய்மேல் இன்னொன்று படிந்து, இல்லாத குமிழி இருப்பதுபோலவும் தெரியும். இருக்கும் குமிழி மறைந்தும் போகும்.

"அழகான படத்தை மட்டும் நம்பக் கூடாது" என்று சொல்லி, இன்னும் மெல்லிய அடுக்குகளாக மறுபடி எடுக்கச் செய்தார். மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். அந்தப் புடைப்பின் நுனியிலிருந்து நூல்போல ஒரு சிறு குழாய் புறப்பட்டது.

"குமிழி இல்லை, ஸார். கிளைக் குழாயின் புனல் வாய்."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். நானும் மெருகேற்றுகிறவன்தான். மெழுகும்போது எத்தனை நிஜங்களைத் துடைத்தெறிந்தேனோ!

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "கதை இல்லையே?"

"இல்லை அக்கா. மூலத்தையே பார்த்துவிட்டு வந்தேன்."

அன்று எல்லோரும் சாப்பிட்டோம். தலைவலி மட்டும் இன்னும் இருக்கிறது.