கொழுந்து மடுவமும் துரையின் மேசையும்

1977 கலவரத்தின் பின் அம்மாவின் வீட்டார் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தார்கள். கலியாணம் முடித்திருந்த பெரியம்மா மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். டிக்கோயா, நோர்வூட் எல்லாம் எனக்குக் கதையில் கேட்ட ஊர்கள்தான். அண்மையில் பெரியம்மாவின் மகளைப் பார்க்க முதன்முறையாகப் போனேன்.

கண்டியில் பஸ் மாறி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை தாண்டி ஏற ஏறக் காது அடைத்தது. ஹட்டனுக்கு அப்பால் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிந்தது. குளக்கட்டில் வளர்ந்த எனக்கு, மலைகளுக்கு நடுவே அவ்வளவு தண்ணீர் புதுமையாக இருந்தது.

மறுநாள் பின்னேரம் அக்காவோடு கொழுந்து மடுவத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையில் நிற்க, தராசில் கொழுந்து ஏறியது. ஒரு நாள் சம்பளத்தை இங்கே 'பேர்' என்கிறார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையில் கழிக்கிறார்கள். ஒரு கிலோ கூடுதலாகக் கழிந்தாலே முழுப்பேர் அரைப்பேராகிவிடலாம்.

இதைப் பேசத்தான் அக்காவையும் வேறு நான்கு பெண்களையும் மற்றவர்கள் துரையிடம் அனுப்பியிருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

"ஆபீஸ் படி ஏறும்போது கால் நடுங்கிச்சு தங்கச்சி. தொர, 'எந்தெந்த நாள் எவ்வளவு கழிச்சாங்க, சொல்லுங்க'ன்னாரு. அதோட பயம் போயிருச்சு. அது நமக்குத் தெரியாத கேள்வியா?"

மகளின் பழைய கொப்பியில் இரண்டு மாதக் கணக்கு இருந்தது. மழை பெய்த நாள், வெயில் நாள், கழித்த கிலோ எல்லாம் அதில் இருந்தன. அக்கா வாசிக்க வாசிக்க, கணக்கப்பிள்ளை தன் புத்தகத்தைப் புரட்டினாராம்.

2009க்குப் பின் பதிவு, நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று நாமும் எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்றோம்! மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பே பாதி நடுக்கம். எமது இழப்பின் கணக்கு அவரிடம் எங்கே இருக்கப்போகிறது?

இரவு அடுப்படியில் மூணாறு பற்றி வாசித்ததை அக்காவுக்குச் சொன்னேன். அதுவும் தேயிலை மலைதான், கேரளாவில் இருக்கிறது. அங்கும் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டெம்பரில் கண்ணன் தேவன் கம்பனி, 20 வீதமாக இருந்த போனஸை 10 வீதமாகக் குறைத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாட்கள் வீதியில் இருந்தார்கள். ஆண்கள் நடத்திய சங்கங்களைத் தள்ளிவைத்து, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். லிசி சன்னி, கோமதி, இந்திராணி ஆகியோர் அதில் முன்னின்றவர்கள். செப்டெம்பர் 13 அன்று கொச்சியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேச்சு முடிந்தது. போனஸ் 8.33 வீதம், கருணைத்தொகை 11.67 வீதம்.

"ரெண்டும் சேந்தா இருபதுதானே!" அக்கா மனக்கணக்கில் கூட்டிவிட்டார்.

நாட்சம்பளம் 500 ரூபா கேட்டதற்கு 301தான் கிடைத்தது என்பதையும் சொன்னேன். இந்த மலையிலும் 1984 வேலைநிறுத்தத்தின் பிறகுதான் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமசம்பளம் வந்தது. அதற்கு முன் பெரியம்மா கொழுந்தெடுத்ததெல்லாம் குறைந்த சம்பளத்துக்கே.

அக்காவின் தோட்டத்தில் இப்போது வெயில் நாளில் ஈரத்துக்குக் கழிப்பதில்லை. சாக்குக் கழிவு இன்னும் தீரவில்லை. அடுத்த கூட்டத்தில் வெறும் சாக்கைத் தராசில் போட்டுக் காட்டப் போகிறாராம். ஒரு சாக்கைக் கழுவிக் காயவைத்து, லயத்துப் பரணில் மடித்து வைத்திருக்கிறார்.