இணைப்புக்கும் ஓர் இடம்

ஆண்டு முடிந்ததும் அந்த ஆண்டின் இதழ்களை ஒரே தொகுதியாகக் கட்டி வைப்பது நூலக வழக்கம். அந்தப் பைண்டிங் பிரிவில் உதவியாளாகச் சேர்ந்தபோது, ஊசியும் மெழுகு தடவிய நூலும் பழகினால் போதும் என்று நினைத்தேன். தையல் ஓரளவு சீக்கிரமே கைவந்தது. என்னைப் படுத்தியவை இதழோடு வந்த இணைப்புகள்தான்.

எனக்கு வேலை கற்றுத்தந்த அண்ணாச்சி முதலில் என்னை ஊசியைத் தொடவே விடவில்லை. "பக்கத்தைச் சரிபாருலே" என்பார். கம்பிப் பின்களைக் கழற்றி, பக்க எண் விடுபடாமல் ஓடுகிறதா என்று புரட்ட வேண்டும். தொகுதிக்கான பொருளடைவு பல இதழ்களில் ஆண்டுக் கடைசியிலோ அடுத்த ஆண்டிலோதான் வரும். அது வந்து சேரும்வரை கட்டுக்குக் கயிறு போட்டு ஓரமாக வைத்துவிடுவார்.

'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யின் 1980களின் இதழ்களில்தான் நன்றாகச் சறுக்கினேன். அன்றைய பம்பாயிலிருந்து வந்த அந்த வார இதழில் அவ்வப்போது வேளாண்மைச் சிறப்புப் பகுதி இருக்கும். அதன் பக்கங்களுக்கு 'ஏ' என்ற எழுத்துடன் தனி எண். ஒரு சிறப்புப் பகுதி விட்ட இடத்திலிருந்து அடுத்தது தொடரும். தொடர் எண்ணைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம். எல்லா 'ஏ' பக்கங்களையும் உருவி, தொகுதியின் கடைசியில் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

அண்ணாச்சி புரட்டிப் பார்த்தார். "தேடி வாறவன் கையில என்ன குறிப்பு இருக்கும்?" இதழின் தேதி இருக்கும், எண் இருக்கும், அதன் பிறகுதான் பக்கம். தேதியைப் பிடித்துப் போகிறவர் கட்டுரையைக் காணாமல், யாரோ கிழித்துவிட்டார்கள் என்று திரும்பிவிடுவார். எல்லாவற்றையும் பிரித்தேன். தைப்பதைவிடப் பிரிப்பது கடினம். கத்தி சற்றே சாய்ந்தாலும் மடிப்பு கிழியும். கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி முடிப்பதற்குள் விரலெல்லாம் பசை காய்ந்து இறுகிப்போனது.

அதன் பிறகே முறையைச் சொன்னார். இதழுக்குள் அச்சானது அந்த இதழிலேயே இருக்கட்டும். தனிப் பக்க எண்ணோடு தனியாக வந்தது கடைசி இதழுக்குப் பின்னால் போகட்டும். தனி நூலாக நிற்கக்கூடியதை நூலகரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைத் தனியாகப் பட்டியலிடுவார்.

மடித்த வரைபடம் ஒன்று இணைப்பாக வந்தபோது, இடம் சரியாகத்தான் வைத்தேன். ஆனால் மடிப்பு, தொகுதியின் வெளி ஓரம்வரை நீண்டிருந்தது. வெட்டும் இயந்திரத்தில் ஓரம் சீவியதும் மடிப்பும் சேர்ந்து போயிற்று; விரித்தால் வரைபடம் துண்டு துண்டாக வந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. பழைய தாள்களை என் முன் போட்டு, ஓரத்துக்கு ஒரு விரல் உள்ளே நிற்கும்படி மடித்துக் காட்டச் சொன்னார். அன்று முழுக்க மடித்தேன்.

வரைபடத்தை நேராகத் தைக்கவும் கூடாது. ஒரு கீற்றுத் தாளைத் தைத்து, அதில் வரைபடத்தை ஒட்ட வேண்டும். என் கீற்றுகள் விறைத்து நின்றன. தாளின் நாரோட்டத்தை விரலால் அறிய அப்போதுதான் கற்றேன். ஒரு பக்கம் வளைத்தால் தாள் இணங்கும், மறுபக்கம் எதிர்க்கும். இணங்கும் திசை தொகுதியின் முதுகோடு ஒத்துப்போனால் பக்கம் தானாகப் படியும்.

கையடக்கமான சிறு இணைப்புகளுக்குப் பின்னட்டையில் பை வைத்தேன். அந்தப் பக்கம் மட்டும் புடைத்து, அட்டை மூடவில்லை. பைக்குள் போவதன் கனத்துக்கு ஈடாக முதுகை ஒட்டியும் கீற்றுகள் சேர்த்துத் தைத்தால்தான் தொகுதி சமமாக நிற்கும். அளவைக் கண்ணால் ஊகித்துப் பலமுறை தோற்றேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு ஓரங்களையும் பிடித்து ஒப்பிடப் பழகிய பிறகே அட்டை ஒழுங்காக மூடியது. அண்ணாச்சி அதை மூடித் திறந்து பார்த்து, "அடுத்ததை எடு" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இப்போது கட்டுக்கு அனுப்பும் குறிப்புச் சீட்டை நானே எழுதுகிறேன். எந்த இணைப்பு எங்கே போக வேண்டும் என்று முடிவுசெய்யும்முன், குறிப்போடு வரப்போகும் வாசகர் எந்த வழியாகத் தேடுவார் என்று ஒருமுறை தொகுதியைப் புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.