பெட்டி கட்டுவதற்கு முன்னால்

சவுத்தால், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். குளிர் ஆரம்பித்ததும் உங்க அத்தானுக்கு வழக்கமான தோள்வலி வந்துவிட்டது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டோம். பள்ளிக்கூட அசெம்பிளியில் பேசுகிற அதே குரல், அதே அதட்டல். "ரிட்டயர் ஆனது இவதான், இவ தொண்டை இல்லை" என்கிறார் அத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்கிறாய். எனக்குச் சந்தோஷம்தான். பென்ஷனை வாங்கிக்கொண்டு சீரியல் பார்த்துக் காலம் தள்ளுகிற ஆள் நீ இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஏஜென்சிக்காரன் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கம்போடியாவில் இரண்டு வாரம், அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ், கடைசியில் அங்கோர் வாட் சுற்றிப் பார்ப்பது, இதற்கெல்லாம் நீ அவனுக்குப் பணம் கட்ட வேண்டுமாம்! ஏட்டி, காலமெல்லாம் பிள்ளைகளோடு கிடந்தவள் நீ. பிள்ளைகள் பேர் மனசில் நிற்பதற்குள் டீச்சர் மாறிப் போனால் வகுப்பு என்ன கதிக்கு ஆளாகும் என்று நானா உனக்குச் சொல்ல வேண்டும்? அதைவிட மோசமும் இருக்கிறது. கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல வருஷமாகச் சொல்லி வருகிறது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பணத்துக்காகவே ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நிரப்பும் இல்லங்கள் உண்டு. அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு வேண்டாம்.

முறையாக ஆள் அனுப்புகிறவர்கள் இல்லாமல் இல்லை. வி.எஸ்.ஓ. என்று ஒன்று, 1958-இல் இங்கேதான் ஆரம்பித்தது. முதலில் பள்ளிக்கூடம் முடித்த பதினெட்டு வயசுப் பையன்களைத்தான் அனுப்பினார்கள். வேலை தெரிந்தவர்கள்தான் தேவை என்று பிறகு புரிந்துகொண்டார்கள். இப்போது பிலிப்பைன்ஸ், கென்யாவில் இருந்தும் ஆள் எடுக்கிறார்கள். நீ யாரிடம் போனாலும் சரி, மூன்று கேள்வி கேள். அந்த ஊரில் டீச்சர் வேண்டும் என்று கேட்டது யார்? எத்தனை மாசம் இருக்க வேண்டும்? நான் கிளம்பிய பிறகு அந்த வகுப்பை யார் எடுப்பார்கள்? இதற்குப் பதில் சொல்லத் திணறுகிறவனிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதே.

"இல்லாவிட்டால் உன் வீட்டுக்கு வந்து ஆறு மாசம் இருக்கிறேன், உன் வகுப்பிலேயே சொல்லித்தருகிறேன்" என்றும் சொன்னாய். வா, மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு வா. விசிட்டர் விசாவில் வருகிறவர்கள் பதிவு செய்த அறக்கட்டளைக்கு மொத்தம் 30 நாள்தான் இப்படிச் சம்பளமில்லாமல் உழைக்கலாம். வந்த முக்கியக் காரணமே அதுவாகவும் இருக்கக் கூடாது. அக்காவைப் பார்க்க வந்தேன் என்று தைரியமாகச் சொல், அது உண்மைதானே.

இனி என் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். உன் மெசேஜில் "கிராமர் ஸ்ட்ராங்காப் போட்டுடலாம்" என்று நீ சொன்னதைக் கேட்டதில் இருந்து இதை எழுத வேண்டும் என்று கை துடிக்கிறது. இங்கிலீஷ் தெரியாத பெண்களுக்கான இந்த வகுப்பு ஒரு சர்ச் ஹாலில் நடக்கிறது. பஞ்சாபிப் பாட்டிமார், சோமாலியத் தாய்மார், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த பெண்கள், நம் ஈழத்து மாமி ஒருவர், எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். போன வாரம் டாக்டர் கிளினிக்குக்குப் போன் பண்ணுவதுதான் பாடம். காலை எட்டு மணிக்கு லைன் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்ததும் அந்தப் பக்கத்துப் பெண் பிறந்த தேதியைக் கேட்பாள், பின்கோடைக் கேட்பாள், அவசரமா என்பாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு அந்தக் கிளினிக் பெண்ணாகப் பேசினேன். முகம் தெரியாவிட்டால் இவர்களுக்குப் பாதி இங்கிலீஷ் மறந்து போகிறது. சோமாலியப் பெண் ஒருத்தி மகளின் காய்ச்சலைச் சொல்ல வேண்டியவள், பதற்றத்தில் "ஐ ஆம் சாரி, ஐ ஆம் சாரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பாட்டி அவள் கையைப் பிடித்து, "நோ சாரி! டாட்டர், ஃபீவர், த்ரீ டேஸ்!" என்று அதட்டினார். அதில் எங்கே கிராமர்? ஆனால் அதைச் சொன்னால் பிள்ளைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும். ஆப்கன் பெண் ஒருத்தி எந்தப் பாஷையிலும் எழுதப் பழகாதவள். பென்சிலை எப்படிப் பிடிப்பது என்பதில் இருந்து அவளுக்கு ஆரம்பித்திருக்கிறோம்.

இந்த ஊரில் இங்கிலீஷ் எப்போதும் வெறும் பாடமாக இருந்ததில்லை. பிள்ளைகளுக்குப் பாஷை வரவில்லை என்பதைக் காரணம் காட்டி, 1960களில் இங்கே ஆசியப் பிள்ளைகளைப் பிரித்துத் தூரத்துப் பள்ளிகளுக்குப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு பள்ளியில் குடியேறியவர்களின் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 1965-இல் அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. அப்படிப் பஸ்ஸில் போன பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளைப் பிரித்து அனுப்பிய அதே ஊரில் இன்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு பிளேர் பீச் என்று பேர். அவர் நியூசிலாந்தில் இருந்து வந்து லண்டனில் வாத்தியாராக இருந்தவர். 1979 ஏப்ரல் 23 அன்று இனவெறிக் கட்சிக்கு எதிராக இங்கே நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு வந்து, அடிபட்டு இறந்து போனார்.

இன்னொன்று கேள். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியல் பேராசிரியர் எழுதியது. இங்கே ஒரு விமான நிலையக் கேன்டீனில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார்கள். சாப்பிட வந்தவர்கள் அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று புகார் சொன்னார்கள். விசாரித்துப் பார்த்தால், "கிரேவி" என்று கேட்கும்போது வெள்ளைக்காரப் பெண்கள் குரலை ஏற்றி முடித்தார்கள், நம் பெண்கள் இறக்கி முடித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நம் கல்யாணப் பந்தியில் "ரசம், ரசம்" என்று சொல்லிக்கொண்டே போகிறவனைத் திமிர் பிடித்தவன் என்று யாராவது சொல்லுவார்களா? அந்தப் பெண்களின் பேச்சையும் மற்றவர்கள் பேச்சையும் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். சாப்பிட வந்தவர்கள் இத்தனை நாளும் ஏன் முறைத்தார்கள் என்பது அப்போதுதான் அந்தப் பெண்களுக்கு விளங்கியது. எந்தக் கிராமர் புத்தகத்தில் இது இருக்கிறது, சொல்லு?

நான் சொல்ல வருவது இதுதான். நீ நல்ல டீச்சர், சந்தேகமே இல்லை. ஆனால் இத்தனை வருஷமும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் இங்கிலீஷ் நடத்தினாய். பிள்ளை முழித்தால் தமிழில் ஒரு வரி சொன்னாய், புரிந்தது. வெளிநாட்டில் அந்தத் துணை இருக்காது. எதிரே இருப்பதும் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. உன் வயசுப் பெண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், தப்பாகப் பேசிவிடுவோமோ என்று வெட்கப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை அதட்டினால் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

அதனால் பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். நம் ஊரில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் பீகார், ஒடிசாவில் இருந்து வந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொள். ஒரு வார்த்தை தமிழ் பேசாமல், பலகையும் புத்தகமும் இல்லாமல், மெடிக்கல் கடையில் மருந்து கேட்பதற்கு வேண்டிய இங்கிலீஷை அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடு. மூன்று மாசம் விடாமல் செய். நாம் படித்த காலேஜுக்கு யார் பேரை வைத்தார்களோ அந்தச் சாராள் தக்கர் அம்மா பாளையங்கோட்டைக்கு வந்ததே கிடையாது. இங்கிலாந்தில் இருந்தபடியே நம் ஊர்ப் பெண்களின் படிப்புக்காகக் கவலைப்பட்டவர் அவர். ஊர்விட்டு ஊர் போனால்தான் சேவை என்று யார் சொன்னது?

மூன்று மாசம் கழித்தும் போக வேண்டும் என்று தோன்றினால், கண்டிப்பாகப் போ. டிக்கெட்டுக்கு நான் பாதி தருகிறேன். உன் வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன். ஆனால் சர்க்கரையையும் முழங்காலையும் டாக்டரிடம் காட்டி, ஏற்கெனவே இருக்கும் வியாதியையும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுத்துவிட்டுப் போ. விலை பார்த்து மலிவாக எடுத்தால் ஆஸ்பத்திரி வாசலில் அழ வேண்டிவரும்.

அந்த ஏஜென்சிக்காரனுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டாயா, இல்லையா? அதை முதலில் சொல். கட்டியிருந்தால் நாளைக்கே போய்த் திருப்பிக் கேள். உன் அசெம்பிளிக் குரலை அவனிடம் காட்டு, அங்கேதான் அதற்கு வேலை.

அன்புடன்,
அக்கா