கவர்னரைக் கழட்டினால் ஆயில் எங்கே போகும்?

தலைப்பைப் பார்த்ததும் கிண்டி ஞாபகம் வந்தால் இந்தப் பதிவு பொறுப்பல்ல :-) இது இஞ்சினில் இருக்கிற கவர்னர்.

நாகலாபுரத்தில் ஒரு மாமா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியாச்சு. சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் யாருடைய ஆயில் இஞ்சின் மக்கர் பண்ணினாலும் ஒரு காலத்தில் அவரைத்தான் சைக்கிளில் வந்து கூட்டிப் போவார்கள். கரண்ட் மோட்டார் வந்தபிறகு அந்த வேலை குறைந்துவிட்டது.

அவருடைய அக்கா மகன் சென்னையில் விமானப் பராமரிப்பு படிக்கிறான். ஃபீஸில் பாதி மிளகாய் வத்தல் விற்ற காசு, மீதி மாமா கொடுத்தது. போன பொங்கல் லீவுக்கு அவன் ஊருக்கு வந்ததே ஒரு முடிவோடுதான். ஒரு பேப்பர் ரெண்டாவது தடவையும் போச்சு. படிப்பை விட்டுவிட்டு கோவில்பட்டியில் ஏதாவது வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தான். அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. முதலில் மாமாவிடம் சொன்னான்.

மாமா திட்டவில்லை. "எந்தக் கேள்வியில மாப்ளே போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"கவர்னர் மாமா. கவர்னர் வச்ச விமான இஞ்சினை, கவர்னர் இல்லாம ஓடுறதுக்கு மாத்தணும். என்னென்ன செய்யணும்னு கேட்டிருந்தான்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கவர்னரைக் கழட்டுறதா? கழட்டுனா இஞ்சின் கத்திக்கிட்டே ஓடி வெடிச்சிருமேப்பா!"

அவர் சொன்னது ஆயில் இஞ்சினுக்கு நூற்றுக்கு நூறு சரி. பம்புசெட்டில் பெல்ட் அறுந்து லோடு திடீரென்று போனால் இஞ்சின் எகிறும். அப்போது உள்ளே சுற்றுகிற குண்டுகள் வெளிப்பக்கம் விரிந்து டீசலைக் குறைக்கும். அதுதான் கவர்னர். அதை எடுத்துவிட்டால் டீசலைக் குறைக்க ஆளே இல்லை.

ஆனால் விமானத்தின் புரொப்பெல்லர் கவர்னர் பெட்ரோல் பக்கமே போகாது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை விமானியின் கையில் இருக்கிற த்ராட்டில் முடிவு செய்யும். கவர்னர் செய்வது இறக்கையைத் திருப்புவது. முன்னால் சுற்றுகிற காற்றாடியின் ஒவ்வொரு இறக்கையும் கொஞ்சம் சாய்வாக இருக்கும் இல்லையா, அந்தச் சாய்வைக் கூட்டும், குறைக்கும். சாய்வு கூடினால் காற்றை அதிகமாகக் கடிக்கும், இஞ்சினுக்கு லோடு ஏறும், சுற்று குறையும். சாய்வு குறைந்தால் சுற்று கூடும். ஆக ஆயில் இஞ்சின் கவர்னர் தீனியைக் குறைக்கிறது, விமானக் கவர்னர் சுமையைக் கூட்டுகிறது. பெயர் ஒன்று, வேலை வேறு.

பையன் இதை உரச்சாக்கின் பின்பக்கத்தில் கரித்துண்டால் வரைந்து காட்டினான். மாமா உடனே பிடித்துக்கொண்டார். "நம்ம கயத்தாறு காத்தாடி மாதிரின்னு சொல்லு."

அதுவும் சரிதான். கயத்தாறில் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கிற மத்திய அரசின் நிலையமே இருக்கிறது. பழைய காற்றாலைகள் பலவற்றில் இறக்கை திரும்பாது, அச்சில் முறுக்கி வைத்ததோடு சரி. புதிய பெரிய காற்றாலைகளில் காற்றின் வேகத்துக்கு ஏற்ப இறக்கை தானாகத் திரும்பும். விமானத்திலும் ரெண்டு வகை உண்டு. 1958ல் முதன்முதலாகப் பறந்த ஹெச்.ஏ.எல். புஷ்பக் விமானத்தில் 90 குதிரைத்திறன் இஞ்சின், திரும்பாத காற்றாடி. பெங்களூர் என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா-3ல் திரும்புகிற காற்றாடி, கவர்னரோடு.

திரும்புகிறது நல்லதுதான். கியர் வைத்த சைக்கிள் மாதிரி, ஏற்றத்துக்கு ஒன்று, சமதளத்துக்கு ஒன்று. ஆனால் விலை, எடை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரித்து மராமத்து என்று செலவு ஜாஸ்தி. அதனால்தான் சிலர் கவர்னரை எடுத்துவிட்டு ஒரே கியர் சைக்கிளுக்கு இறங்கி வருகிறார்கள்.

உதாரணத்துக்கு லைகமிங் ஓ-360. 2700 சுற்றில் 180 குதிரைத்திறன் தரும். இந்த வரிசையில் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனை குழாய் மாதிரி உள்ளீடற்று இருக்கிற இஞ்சின்களில்தான் இந்த மாற்றம். கவர்னர் தனக்குள்ளே இருக்கிற சின்ன பம்பால் ஆயில் அழுத்தத்தை ஏற்றி, அந்தக் குழாய் வழியாகக் காற்றாடிக்கு அனுப்பும். அந்த அழுத்தம்தான் இறக்கையைத் திருப்புகிறது.

பையன் பரீட்சையில் எழுதியது இதுதான். கவர்னரைக் கழட்டு. அது இருந்த இடத்தைத் தகடு போட்டு மூடு. ஆயில் பைப்பை எடுத்துவிட்டு ரெண்டு முனையையும் அடை. குழாயின் முன்வாயில் ஒரு மூடி வை. திரும்பாத காற்றாடியை மாட்டு. முடிந்தது.

மாமா கொஞ்ச நேரம் சாக்கையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எல்லாத்தையும் அடைச்சிட்ட. சரி. அந்தக் குழாய்க்குள்ள வர்ற ஆயில் எங்க போகும்?"

"கவர்னர்தான் இல்லையே மாமா, ஆயில் எப்படி வரும்?"

"பேரிங்குக்கு ஆயில் வருதுல்லா? அழுத்தத்தோட வருதுல்லா? அந்த ஓட்டை வழியா உள்ள புகுந்துராதா?"

பையனுக்குப் பேச்சு வரவில்லை. அவன் எழுதாமல் விட்ட வரி அதுதான்.

முன் பேரிங்குக்குப் போகிற ஆயில், கவர்னர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குழாய்க்குள் கசியும். குழாயின் பின்பக்கம் ஏற்கெனவே ஒரு மூடி உண்டு. கவர்னர் காலத்தில் அது வேண்டும், அழுத்தம் காற்றாடிப் பக்கம் போக வேண்டுமே. இப்போது முன்னாலும் மூடியாச்சு. ரெண்டு மூடிக்கும் நடுவில் ஆயில் சேர்ந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் பறக்கும்போது முன்மூடி பிய்த்துக்கொண்டால் ஆயில் முழுக்க வெளியே போய் கண்ணாடியில் அடிக்கும். இஞ்சினில் மொத்தமே சுமார் 7.5 லிட்டர்தான். அது தீர்ந்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கீழே எங்கே வயல் இருக்கிறது என்று தேட வேண்டியதுதான்.

அதனால் பின்மூடியில் ஒரு துளை போட வேண்டும். கம்பு மணி நுழைகிற அளவுதான். உள்ளே வந்த ஆயில் அது வழியாக இஞ்சினுக்கே திரும்பிவிடும். திரும்பவும் கவர்னர் வைப்பதானால், துளை போட்ட மூடியை எடுத்துவிட்டு துளை இல்லாத புதுசு போட வேண்டும்.

நம்ம காமர்ஸ் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால்: ஒரு கணக்கை மூடும்போது அதில் நிற்கிற பாக்கியை எந்தக் கணக்குக்கு மாற்றினோம் என்று எழுதாவிட்டால் பேலன்ஸ் ஷீட் இடிக்கும். இங்கே பாக்கி ஆயில், அவ்வளவுதான்.

"அப்ப சுத்து எகிறுனா யாரு பாப்பா?" இது மாமாவின் அடுத்த கேள்வி.

விமானிதான். மூக்கைக் கீழே சாய்த்து வேகம் கூடும்போது திரும்பாத காற்றாடி இஞ்சினை வேகமாகச் சுற்றவிடும். மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் அவர்தான் த்ராட்டிலை இழுக்க வேண்டும். இத்தனை நாள் கவர்னர் பார்த்த வேலை இனி ஒரு மனுஷனின் கைக்கும் கண்ணுக்கும். மாற்றி முடித்ததும் தரையிலேயே முழு த்ராட்டில் கொடுத்து, அந்த விமானத்துக்குச் சொன்ன சுற்றுக்குள் நிற்கிறதா என்று பார்ப்பதும், எடையைத் திரும்பக் கணக்கிடுவதும், முறையான அனுமதி வாங்கி உரிமம் பெற்ற இஞ்சினியர் கையெழுத்துப் போடுவதும் இதனால்தான்.

பையன் சாக்கில் பின்மூடியை வரைந்து நடுவில் ஒரு புள்ளி வைத்தான்.

"பேப்பர் என்னைக்கு வருது?" என்றார் மாமா.

"ஏப்ரல்ல மாமா."

"அம்மாட்ட ஒண்ணும் சொல்லாத. திங்கக்கிழமை பஸ் ஏறு." சாக்கை உதறி மடித்து அவனிடமே கொடுத்தார்.