ரேசர் போட்ட கோடு

அக்கா மகனுக்கு இப்போதுதான் மீசை அரும்புகிறது. யாருக்கும் தெரியாமல் அப்பாவின் ரேசரை எடுத்து மழித்திருக்கிறான். சில மாதத்தில் தாடை ஓரம் கோடு இழுத்தாற்போல் தட்டைத் தட்டையாகப் பொரிகள். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். "பருதானே மாமா?" என்றான். கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கிரீமும் தடவியாயிற்று.

அது தட்டை மரு. எச்.பி.வி. வைரஸின் வேலை, பெரும்பாலும் 3, 10 ஆகிய வகைகள். ரேசர் கீறுகிற வழியெல்லாம் வைரஸை விதைத்துக்கொண்டே போகும், அதனால்தான் அந்தக் கோடு. ஸ்டீராய்டோ அந்த இடத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கி அதற்கு வசதி செய்துகொடுக்கும்.

அம்மா கோட்டை மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொண்டார். போடட்டும். பிள்ளைகளின் மரு பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக மறைந்துவிடும், பேர் அம்மனுக்கு. மருவில் அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவுவதற்கு மட்டும் தடை போட்டேன். முகத்தில் புண்ணாகும், கண்ணில் பட்டால் ஆபத்து.

தோல் மருத்துவர் ட்ரெட்டினாயின் எழுதினார், இரவில் மெல்லிசாகத் தடவ. பருவுக்கும் இதே மருந்துதான் என்றதும் பயல் என்னை ஒரு பார்வை பார்த்தான்! திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால் நம் மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழலாம், முகத்துக்கு இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

துண்டு தனி. ரேசர் தொடக்கூடாது. பயல் இப்போது தாடி வளர்க்கிறானாம். எண்ணினால் பன்னிரண்டு முடி தேறும்.