இசைத்தட்டின் மறுபக்கம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். கல்லூரி அன்னையின் பெருமைகளை எடுத்தியம்ப என்னிலும் தகுதியுடையோர் பலர் உளர். ஆதலின் விடுதிச்சாலையில் யான் கேட்ட ஓர் ஆங்கிலப் பாட்டைப் பற்றி எழுதத் துணிந்தேன். இந்துக் கல்லூரி மலரில் நடனக்கூடத்துப் பாட்டா என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் பொறுத்தருள்க.

1979ஆம் ஆண்டு உயர்தர வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தேன். என் அறைத்தோழனிடம் சிறு வானொலிப்பெட்டி ஒன்று இருந்தது. விளக்கணைத்தபின் அதனைத் தலையணைக்கடியில் வைத்துக் கொழும்பு ஆங்கில சேவையைக் கேட்போம். (விடுதி மேற்பார்வையாளர் அறிந்தும் அறியாதார்போல் இருந்தாரென்றே இப்போது நினைக்கிறேன்.) அவ்வாறு கேட்டதே குளோரியா கெய்னர் பாடிய ‘ஐ வில் சர்வைவ்’. கைவிட்டுப் போன காதலன் திரும்பி வர, அவனை வாசலோடு அனுப்பிவிடும் ஒரு பெண்ணின் பாட்டு. ஒலிபரப்பாகுந்தோறும் தோழன் கேட்டவரையில் எழுதி, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் முழுப்பாட்டையும் சேர்த்துவிட்டான். பிழை மலிந்த பிரதிதான். எங்களுக்கு வேதம் அதுவே.

அதன் வரலாற்றைப் பின்னாளிலேயே அறிந்தேன். 1978இல் வெளிவந்த அவ்விசைத்தட்டின் முதற்பக்கம் ‘சப்ஸ்டிடியூட்’ என்னும் வேறொரு பாட்டுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அதுவோ றைச்சஸ் பிறதர்ஸ் முன்னர் பாடியது. தென்னாபிரிக்கக் குழுவாகிய கிளவுட் பாடிப் புகழ்பெற்றது. பிறர் பாடிய பாட்டில் வைத்த நம்பிக்கையை, ஃபிறெடி பெரனும் டீனோ ஃபெக்காரிசும் புதிதாய் இயற்றிய பாட்டில் நிறுவனத்தார் வைத்திலர். ஃபெக்காரிஸ் மோட்டவுன் நிறுவனத்தில் வேலையிழந்தவர். கெய்னரோ மேடையில் விழுந்து, முதுகெலும்பிற் சத்திரசிகிச்சை பெற்று, முதுகுக்கு ஆதாரப்பட்டை அணிந்தபடியே பாடினார். நியூயோர்க் நடனக்கூடங்களில் தட்டுச் சுழற்றுவோர் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டனர். 1979 மார்ச்சில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அது முதலிடம் பெற்றது. 1980இல் சிறந்த டிஸ்கோ ஒலிப்பதிவுக்கான கிராமி விருதும் கிடைத்தது. அவ்விருது அவ்வோராண்டு மட்டுமே வழங்கப்பட்டது.

பின்னர் அதனைப் பாடாதார் யார்? 1995இல் டயானா றோஸ் பாடினார். 1996இல் சந்தே சவேஜ் தாளத்தைத் தளர்த்தி மிக மெதுவாகப் பாடினார். அவ்வாண்டே கேக் என்னும் குழுவினர் கிற்றாரும் எக்காளமுங் கொண்டு, அலட்சியமான குரலிற் பாடி, தகாத சொல்லொன்றையும் இடையில் நுழைத்தனர். கெய்னருக்கு அது பிடிக்கவில்லை. யானும் அவர் கட்சியே.

எனினும், யான் மிகவும் வெறுத்தது ஒல்லாந்து நாட்டு றொட்டர்டாம் மாணவர்களின் ஹெர்மிஸ் ஹவுஸ் பாண்ட் பாடிய வடிவத்தையே. வாத்தியங்களுக்குரிய பகுதியையும் ‘லா லா’ என்று அவர்கள் வாயாற் பாடினர். அப்போது யான் பரிஸ் நகரில் உணவகமொன்றிற் பாத்திரங் கழுவிக்கொண்டிருந்தேன். வதிவிட அனுமதி இன்னுங் கிட்டவில்லை. சமையலறை வானொலியில் அது வந்தால் தண்ணீர்க் குழாயை முழுதுந் திறந்துவிடுவேன். துயரத்திற் பிறந்த பாட்டைக் களியாட்டக் கூச்சலாக்கினரே என்பது என் கோபம். தோழனை 1987இல் இடம்பெயர்ந்தபோது பிரிந்தேன். அதன்பின் அவனைப் பற்றிச் செய்தியே இல்லை. அவனுடைய பாட்டைப் பிறர் தொடலாகாது என்றே எண்ணினேன் போலும்.

1998 யூலை 12ஆந் திகதி உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் பிரான்சு 3-0 என்று பிறேசிலை வென்றது. அப்பாட்டே அந்நாட்டாரின் வெற்றிப்பாட்டாயிற்று. வேலை முடிந்து, பொலிசார் கண்ணிற் படாதவாறு ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். முன்பின் அறியாத முதியவர் ஒருவர் என் தோளிற் கைபோட்டார். ஏதோ கேட்டார், விளங்கவில்லை. வீதியெல்லாம் ‘லா லா’ என்று முழங்கிற்று. அதற்குப் பிரெஞ்சு தெரியவேண்டியதில்லை. யானும் பாடினேன். அந்நகரில் யான் வாய்திறந்து உரக்க ஒலியெழுப்பியது அதுவே முதன்முறை.

அன்றிலிருந்து மறுபாடல்கள்மீது எனக்கிருந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டேன், கேக் குழுவினர்மீதுள்ளதைத் தவிர. பாட்டின் சரியான சொற்களையும் அச்சிற் கண்டுள்ளேன். ஆயினும் பாட வாய்திறந்தால், கணக்குக் கொப்பியில் அவன் எழுதிய பிழைகளோடேயே வருகின்றது. பேரப்பிள்ளைகள் திருத்துகிறார்கள். நான் திருந்துவதாயில்லை.