கம்பத்தில் ஏறுகிறவர்

புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் வந்த பின்பு, கடலோர மக்களாகிய நாங்கள் ஆண்டுகளையும் அப்பெயர்களாலேயே கணக்கிடப் பழகிவிட்டோம். தானே, 2011 டிசம்பர் இறுதியில் கடலூரையும் புதுவையையும் புரட்டிப் போட்டது. கஜா, 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. வீழ்ந்த தென்னைகளின் கணக்கு ஒருபுறம் இருக்க, மின்கம்பங்கள் மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேல் சாய்ந்தன என்றார்கள். கேரளம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் மின்பணியாளர்கள் வந்து, சேற்றிலும் மழையிலும் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியிருந்தும் சில சிற்றூர்களுக்கு வெளிச்சம் திரும்ப வாரங்கள் ஆயின.

அந்நாள்களை நாங்கள் மெழுகுவத்தியோடும் அரிக்கேன் விளக்கோடும் கடத்திவிட்டோம். இருள் ஒரு தொல்லையாக இருந்ததே தவிர, அச்சமாக இருக்கவில்லை. 2022இல் அம்மாவின் நுரையீரல் தளர்ந்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் கட்டிலருகே வந்து சேர்ந்தபோதுதான் மின்சாரம் என்பதன் பொருளே எங்களுக்கு மாறிப்போனது. இன்வெர்ட்டரின் ஒரு பாட்டரி அந்த இயந்திரத்தை மூன்று, நான்கு மணி நேரம் ஓட்டும். அதற்குப் பின்? ஜெனரேட்டர் ஒன்று வேண்டும் என்று குடும்பமாகக் கூடி முடிவு செய்தோம். பொருளை வாங்குவது எளிது. அதை வீட்டில் நிறுவித் தரும் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம் என்பது பிறகு புரிந்தது.

முதலில் வந்தவர் நகரத்திலிருந்து காரில் வந்தார். வாசலில் நின்றபடியே வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பதினைந்து கே.வி.ஏ. போட்டுவிடுங்கள் ஐயா, நாளைக்கு ஏ.சி. வைத்தாலும் தாங்கும்" என்றார். அம்மாவின் அறைக்குள் அவர் வரவேயில்லை. பெரியதாக வாங்கினால் நல்லதுதானே என்று நம்மில் பலர் எண்ணுவோம். ஆனால் டீசல் எஞ்சினுக்கு அந்த நியாயம் பொருந்தாது. தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூடச் சுமக்காமல் நெடுநேரம் ஓடும் எஞ்சின் போதிய சூடு ஏறாமல், எரியாத எண்ணெயும் கரியும் உள்ளே படிந்து நாளடைவில் கெடும். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன உவமையைச் செலவைப் பற்றியது என்றே எண்ணியிருந்தோம். அதில் உட்காருதல் என்ற செயலும் இருக்கிறது. அவர் உட்காரவில்லை.

இரண்டாமவரைப் பற்றி எழுதச் சற்றுத் தயங்குகிறோம். அவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர், எங்கள் அன்பியத்துக்காரர், தூரத்து உறவும்கூட. கோயில் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குக் கட்டுவது பல ஆண்டுகளாக அவர்தான், அதுவும் கூலி வாங்காமல். "நம்ம அத்தைக்குச் செய்வதற்குக் காசு பார்ப்பேனா?" என்றார். அவர் சொன்ன தொகையும் மற்றவர்களைவிடக் குறைவு. சமையலறைக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டரை வைத்துவிடலாம், மழையும் படாது, திருடனும் தொடமாட்டான் என்றார். தனிச் சுவிட்சு எதற்கு, வீண் செலவு. இரு முனையிலும் பிளக்கு வைத்த ஒரு வயரைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகினால் வீடு முழுவதும் எரியும், மெயினை மட்டும் நினைவாக அணைத்துவிட வேண்டும் என்று விளக்கினார். அவர் பேச்சில் வஞ்சகம் இல்லை. பல வீடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறார். கஜா வந்தபோது அந்த வயரால் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் ஏறியது என்பதும் மெய்.

மூன்றாமவர் நாகூர்ப் பக்கத்துப் பெரியவர், இசுலாமியர். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமச் சான்றைக் கேளாமலே எடுத்துக் காட்டினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மாவுக்கு வணக்கம் சொல்லி, அந்த இயந்திரத்தைத் திருப்பி அதன் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துத் திண்ணையில் அமர்ந்து எழுதத் தொடங்கினார். ஆக்சிஜன் இயந்திரம் 350 வாட், நான்கு மின்விசிறி 300, விளக்குகள் 100, குளிர்பெட்டி 200, ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 750. "கூட்டினால் ஆயிரத்து எழுநூறு. ஆனால் மோட்டார் கிளம்புகிற நொடியில் ஐந்து மடங்கு இழுக்கும். மற்றதை அணைத்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள், ஐந்து கே.வி.ஏ. போதும்" என்றார். ஜெனரேட்டர் கிளம்பும் வரையுள்ள இடைவெளிக்காக இன்வெர்ட்டரையும் வைத்திருக்கச் சொன்னார். இரண்டும் கைவிட்டால்? ஒரு சிலிண்டர் எப்போதும் நிறைந்திருக்கட்டும் என்றார். தம் வேலைக்கு வெளியே இருந்ததையும் அவர் நினைத்தது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

மாடிப்படி யோசனையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மூச்சுக்காக வைத்த பொருளே மூச்சை அடைத்துவிடும் அல்லவா! தோட்டத்தின் தென்மேற்கு மூலையை அவர் காட்டினார். புயல் மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் புகை வீட்டுக்குள் வராது. அத்தோடு நிற்காமல் மதில் அருகே போய் எட்டிப் பார்த்து, "அந்தச் சன்னலுக்குள் யார் படுக்கிறார்கள் அம்மா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. புகைக்குழாயை இரண்டு வீட்டுக் கூரைக்கும் மேலாக உயர்த்துவது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ஒலி அடக்கும் கூண்டோடு வரும் ஜெனரேட்டர், ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபெலுக்கு மேல் இரையக்கூடாது என்பது விதி. அச்சான்றும் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார்.

இரு பிளக்கு வயரைப் பற்றி நாங்களாகவே கேட்டோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு தெருமுனையில் இருந்த டிரான்ஸ்பார்மரைக் காட்டினார். "பதினோராயிரம் வோல்ட்டை இறக்கி வீட்டுக்குக் கொடுப்பது அது. வீட்டிலிருந்து மின்சாரம் திரும்பிப் போனால் அதையே ஏற்றியும் கொடுக்கும். மெயினை அணைக்க ஒருவர் மறந்தால் போதும். கரண்ட் இல்லை என்று நம்பி மேலே ஒருவர் ஏறியிருப்பார்" என்றார். வயரின் மறுமுனைப் பிளக்கின் ஊசிகளில் மின்சாரம் திறந்து நிற்கும், வீட்டுப் பிள்ளைகள் தொட்டாலும் அதே கதிதான் என்றும் சொன்னார். ஏறுமுன் கம்பியைச் சோதித்துத் தரையோடு இணைக்க வேண்டும் என்று பணியாளர்களுக்கு விதி உண்டு. ஆனால் புயலுக்கு மறுநாள், ஊரே கீழே நின்று கூச்சலிடும்போது, அந்த விதி எப்போதும் காக்கப்படும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அதற்குத்தான் இருமுனைச் சேஞ்ச் ஓவர் சுவிட்சு. பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர மாற்றும் அக்கைப்பிடி ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் நிற்கும். மறதிக்கு அங்கே இடமில்லை.

அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் இயேசுவிடம் கேட்ட பகுதியை எத்தனை ஞாயிறு கேட்டிருப்போம்! அடிபட்டு வழியில் கிடப்பவரையே நாம் எப்போதும் மனத்தில் காண்கிறோம். இன்னும் அடிபடாதவர், முகம் தெரியாதவர், என்றோ ஒரு மழைநாளில் நம் தெருக் கம்பத்தில் ஏறப் போகிறவர் ஒருவர் உண்டு. அவரை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு முதலில் அழைத்து வந்தவர் அந்தப் பெரியவர்தான்.

இருந்தும் உடனே இசைவு கொடுத்துவிடவில்லை. அவர் முன்பு நிறுவிய இரண்டு வீடுகளுக்குச் சென்று பார்த்தோம். வேலை எப்படி என்று கேட்பதைவிட, பழுது வந்தபோது கூப்பிட்டால் வந்தாரா என்று கேட்பதே பயனுள்ளது. ஒரு வீட்டில் மறுநாளே வந்தாராம். மற்றதில் மூன்று நாள் ஆயிற்றாம். ஜெனரேட்டர், அடித்தளம், கேபிள், சுவிட்சு, எர்த்துக் குழிகள், புகைக்குழாய், கூலி என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி வாங்கினோம். இரண்டாமவர் சொன்னதைவிடப் பதினான்காயிரம் ரூபாய் கூடுதல். அம்மாவின் ஒரு மோதிரம் அடகுக்குப் போனது.

எர்த்துக் குழி தோண்ட வந்த இளைஞர்கள் உப்பும் கரியும் இட்டுக் குழாயை இறக்கி, மாலையில் எங்களோடு தேநீர் அருந்தினார்கள். சுவிட்சுப் பெட்டியின் மேல் பெரியவர் தம் கையாலேயே தமிழில் 'வாரியம்' என்றும் 'ஜெனரேட்டர்' என்றும் எழுதினார். அவ்வாண்டு மழைக்காலத்தில் தெருவில் கம்பி அறுந்தபோது வந்த லைன்மேன், ஜெனரேட்டர் ஓசை கேட்டு வாசலில் நின்று, "சேஞ்ச் ஓவர் இருக்கா சார்?" என்றார். அழைத்துச் சென்று காட்டினோம். கைப்பிடியைப் பார்த்தார், பெட்டியின் கீழே குனிந்து வயரையும் பார்த்தார். தலையசைத்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பங்கு உறவினரிடம் செய்தியை நேரில் போய்ச் சொன்னோம். காரணத்தையும் மறைக்கவில்லை. "முப்பது வருடமாக என் கையால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை" என்றார். அதற்கு எங்களிடம் விடை இல்லை. கோயில் வாசலில் கண்டால் இப்போதும் அம்மாவின் உடல்நலம் விசாரிக்கிறார். வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. சென்ற திருவிழாவுக்குக் கோயில் வளாகத்தில் ஜெனரேட்டர் வைத்தபோது பலகையில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சு பொருத்தியிருந்தார். எங்கள் பேச்சினாலா, பங்குத்தந்தை சொல்லியா என்று நாங்கள் கேட்கவில்லை.